97 லென்ஸ்களை நிராகரிக்கும் முன்

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 27. மாதவரம் பக்கம் நில அளவைக் கருவிகள் செய்யும் ஒரு சிறு நிறுவனத்தில் வடிவமைப்புப் பொறியாளர். நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் ஆட்டோ லெவல் கருவியின் தொலைநோக்கிக்கு 30 மி.மீ. விட்டமும் 150 மி.மீ. குவியத் தூரமும் உள்ள இரட்டை லென்ஸ் ஒன்றை அவர் வடிவமைத்தார். முன்னால் என்-பிகே7 என்ற கிரவுன் கண்ணாடி, பின்னால் என்-எஸ்எஃப்5 என்ற பிளின்ட் கண்ணாடி. இரண்டையும் பசையிட்டு ஒட்டுவது நிறுவனத்திலேயே நடக்கும்.

தலா 120 வீதம் 240 லென்ஸ்களைத் தேய்த்து பாலிஷ் செய்யும் வேலை, தண்டையார்பேட்டையில் ஒரு சந்துக்குள் பட்டறை வைத்திருக்கும் 66 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுக்கப்பட்டது. அவர் வாசகியின் அப்பாவுக்கு நெடுநாள் நண்பர். வாசகிக்குப் பெரியப்பா முறை.

வரைபடத்தில் இரண்டு கண்ணாடிகளின் நான்கு முகங்களுக்கும் ஒரே டாலரன்ஸ் (அனுமதிக்கும் பிழை அளவு): வடிவ ஒழுங்கின்மை அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு, கீறல்-குழி எண் 20-10, மையத் தடிமன் ±0.02 மி.மீ.; ஆப்புப் பிழை (விளிம்பின் ஒரு பக்கம் தடித்து எதிர்ப்பக்கம் மெலிவது) 30 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு ஓர் ஆர்க் செகண்ட்); வளைவு ஆரம் ±0.1%, அதோடு டெஸ்ட் பிளேட் என்ற மாதிரிக் கண்ணாடியின் மேல் வைத்தால் தெரியும் ஒளி வளையங்களில் ஒரு வளையத்துக்குள் பொருந்த வேண்டும். இவை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் விலைப்பட்டியலில் ‘உயர் துல்லியம்’ என்ற தலைப்பின் கீழ் இருந்த எண்கள்.

வந்த 240 லென்ஸ்களில் 97 தேறவில்லை. கீறல், குழி காரணமாக 52. தடிமன் காரணமாக 31. அவை அனைத்தும் 0.03 முதல் 0.08 மி.மீ. வரை குறைவு. ஆப்புப் பிழை 9. வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிய 20 மாதிரிகளில் வடிவப் பிழை 5. ‘அவருக்குக் கண் போய்விட்டது, நிராகரிப்புக் கடிதத்தில் நீயே கையெழுத்துப் போடு, பணத்தை நிறுத்திக்கொள்வோம்’ என்கிறார் முதலாளி. சரக்கு வந்து 40 நாள் ஆகிறது. வாசகி கேட்கிறார்: ‘டாலரன்ஸ் இறுக்கமாக இருந்தால் பாதுகாப்பு என்றுதானே நினைத்தேன்? இப்போது பெரியப்பாவுக்காக எண்ணைத் தளர்த்தினால் அது நேர்மையாகுமா? நிராகரித்தால் அவருடைய பட்டறை தாங்குமா?’

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு வரைபடத்தின் நகலையும், நிராகரித்த லென்ஸ்களின் பட்டியலையும் இணைத்திருந்தீர்கள். நல்ல காரியம் செய்தீர்கள். கடிதத்தை மட்டும் படித்திருந்தால் நானும் பட்டறையைத்தான் சந்தேகித்திருப்பேன். வரைபடத்தைப் பார்த்தபிறகு வேறு மாதிரித் தெரிகிறது. நிராகரிக்கப்பட்ட 97-இல் பெரும்பகுதி உங்கள் கருவியில் நன்றாக வேலை செய்யும் என்று நம்புகிறேன். சில லென்ஸ்கள் நிஜமாகவே தேறாதவை. அவற்றைப் பெரியப்பா செய்தவை என்பதற்காக ஏற்றுக்கொள்ளக் கூடாது.

நேர்மை பற்றிக் கேட்டீர்கள். விலைப்பட்டியலைப் பார்த்து எழுதிய ஓர் எண்ணைக் கணக்குப் போட்டுத் திருத்துவதில் எந்த நேர்மைக் குறைவும் இல்லை. கணக்கே போடாமல், அவர் பாவம் என்று திருத்தினால்தான் தவறு. ஆகவே உட்கார்ந்து கணக்குப் போடுவோம். உறவைப் பற்றிய கேள்விக்கு அதன்பிறகு வரலாம். பாதிப் பதில் கணக்கிலேயே கிடைத்துவிடும்.

ஒட்டுமுகத்துக்கும் வெளிமுகத்துக்கும் ஒரே எண்ணா?

கண்ணாடியின் பரப்பில் ஒரு மேடு இருந்தால் அது ஒளியலையை எவ்வளவு கெடுக்கும் என்பது, அந்தப் பரப்பின் இரு பக்கமும் இருக்கும் ஒளிவிலகல் எண்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது. முகம் பார்க்கும் ஆடி போன்ற பிரதிபலிக்கும் பரப்பில் மேட்டின் உயரம் இரட்டிப்பாகிக் கெடுக்கும். லென்ஸின் வெளிமுகத்தில் ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் 1.517 உள்ள கிரவுன் கண்ணாடி. வித்தியாசம் 0.517. ஆகவே மேட்டின் பாதியளவுதான் அலையில் தெரியும். பிளின்ட் கண்ணாடியின் வெளிமுகத்தில் 0.673.

இப்போது பசையிட்டு ஒட்டும் உள்முகங்களை, அதாவது ஒட்டுமுகங்களைப் பாருங்கள். ஒளியியல் பசையின் விலகல் எண் சுமார் 1.56. பசை போய் மேட்டையும் பள்ளத்தையும் நிரப்பிவிட்டால், கிரவுன் பக்கம் வித்தியாசம் 0.04 மட்டும், பிளின்ட் பக்கம் 0.11. அதாவது ஒரே அளவு மேடு, கிரவுன் கண்ணாடியின் வெளிமுகத்தில் செய்யும் கேட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கைத்தான் அதே கண்ணாடியின் உள்முகத்தில் செய்கிறது. நான்கு முகங்களுக்கும் ஒரே எண்ணை எழுதியதால், எங்கே உழைப்பு வீணாகுமோ அங்கேயும் அதே உழைப்பை நீங்கள் கேட்டுவிட்டீர்கள்.

வெளிமுகங்களுக்கு அலைநீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஒட்டுமுகங்களுக்கு அலைநீளத்தில் பாதி என்று வைத்துப் பாருங்கள். நான்கும் அலையில் முறையே 0.10, 0.13, 0.02, 0.06 என வரும். நேராகக் கூட்டினால் 0.3-ஐத் தாண்டும். ஆனால் நான்கு முகங்களின் பிழையும் ஒரே லென்ஸில் ஒரே பக்கமாகச் சாய்வது அரிது. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பதுதான் முறை. அப்படி எடுத்தால் 0.18. நல்ல பிம்பத்துக்கு ராலே என்ற இயற்பியலாளர் வகுத்த எல்லை அலைநீளத்தில் கால் பங்கு. நமக்கு அதற்குள் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கிறது. அது வடிவமைப்பிலேயே உள்ள பிழைக்கும், பொருத்தும்போது வரும் பிழைக்கும் வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. டெஸ்ட் பிளேட்டில் ஒரு வளையம் என்பது அரை அலைநீளம். நீங்கள் கேட்ட பத்தில் ஒரு பங்கு என்பது ஒரு வளையத்தில் ஐந்தில் ஒன்று. சோடியம் விளக்கின் கீழ் குனிந்து பார்க்கும் மனிதக் கண், எவ்வளவு பழகியதாக இருந்தாலும், அதை உறுதியாகச் சொல்ல முடியாது. அதாவது பட்டறையால் அளக்க முடியாத ஓர் எண்ணை எழுதி அனுப்பிவிட்டு, அளந்து பார்த்து முடித்துத் தரும்படி கேட்டிருக்கிறோம்.

52-உம் 31-உம் ஒரே கதை

உங்கள் பட்டியலில் என்னை நிறுத்திவைத்த வரி இதுதான்: தடிமனில் தேறாத 31 லென்ஸ்களும் குறைவான பக்கமே விழுந்திருக்கின்றன. ஒன்றுகூட அதிகம் இல்லை. ஒருவருக்குக் கண் போய்விட்டதென்றால் பிழை இரண்டு பக்கமும் சிதற வேண்டும். இது சிதறவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று சொல்கிறேன். பாலிஷ் ஏறக்குறைய முடிந்த நிலையில் ஒரு கீறல் கண்ணில் படுகிறது. பாலிஷில் ஒரு மணி நேரத்துக்குப் போவது சில மைக்ரான்தான். ஆழமான கீறல் அதில் போகாது. லென்ஸை மறுபடி நுண்தேய்ப்புக்குக் கொண்டுபோய், சில நூறில் ஒரு மில்லிமீட்டர்களை எடுத்துவிட்டு, முதலிலிருந்து பாலிஷ் செய்ய வேண்டும். உங்கள் பெரியப்பா அதைத்தான் செய்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கீறலை எடுக்கப் போனவருக்குத் தடிமன் கைவிட்டுப் போயிற்று. ±0.02-க்குள் தடிமனைக் காப்பாற்ற நினைத்த லென்ஸ்களில் கீறல் தங்கிவிட்டது. கீறலுக்குப் பயந்தால் தடிமன், தடிமனுக்குப் பயந்தால் கீறல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய அன்றே 83 லென்ஸ்களின் கதி முடிவாகிவிட்டது.

பட்டறைக்காரர்கள் மையத் தடிமனின் டாலரன்ஸைத் திருத்திக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பாகப் பார்க்கிறார்கள். அதில் எவ்வளவு இடம் கொடுக்கிறோமோ அத்தனை முறை ஒரு கெட்ட முகத்தை மீட்கலாம். வடிவமைப்பாளர்களுக்கு இது கல்லூரியில் சொல்லித்தரப்படுவதில்லை.

தடிமன் 0.1 மி.மீ. மாறினால் உங்கள் கருவிக்கு என்ன ஆகும்? உங்கள் வளைவுகளை வைத்துக் கணக்கிட்டேன். கிரவுன் லென்ஸ் 0.1 மி.மீ. மெலிந்தால், 150 மி.மீ. குவியத் தூரம் மாறுவது ஏறத்தாழ 0.01 மி.மீ. பிம்பம் விழும் இடம் சற்று நகரும். அதைக் குவியத் திருகு சரிசெய்துவிடும். ஆட்டோ லெவலை ஒவ்வொரு முறையும் திருகிக் குவியப்படுத்தித்தான் பார்க்கிறோம். எனவே ±0.1 மி.மீ. தாராளமாகக் கொடுக்கலாம். அந்த 31 லென்ஸ்களும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

இனி அந்த 52. நீங்கள் பத்து மடங்கு பெருக்கும் லூப் வைத்து, எல்இடி டார்ச் அடித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்படிப் பார்த்தால் எந்த லென்ஸும் தப்பாது. 20-10 என்ற குறியீடு அமெரிக்க ராணுவத் தரக்குறிப்பான மில்-பிஆர்எஃப்-13830பி-யிலிருந்து வருவது. அதில் பின்னால் உள்ள எண் குழியின் விட்டம், நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில். 10 என்றால் 0.1 மி.மீ. முன்னால் உள்ள கீறல் எண்ணோ கீறலின் அகலம் இல்லை. குறிப்பிட்ட விளக்கின் கீழ், வெறும் கண்ணால், ஒப்பீட்டு மாதிரிக் கீறலுடன் பக்கத்தில் வைத்து, எது அதிகம் பளிச்சிடுகிறது என்று பார்ப்பது. அகலம் என்று எண்ணி மைக்ரான் கணக்கில் அளந்து நிராகரிக்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய இடங்களில் இருக்கிறது. நீங்களும் அதில்தான் சிக்கியிருக்கிறீர்கள்.

குழி எவ்வளவு ஒளியைத் தடுக்கும்? 30 மி.மீ. விட்டத்தில் ஒளி புகும் 28 மி.மீ. திறப்பில் 0.4 மி.மீ. குழி ஒன்று மறைப்பது 4,900-இல் ஒரு பங்கு பரப்பு. பொருளருகு லென்ஸ் (நீங்கள் வடிவமைத்த இந்த இரட்டை லென்ஸ்தான்) பிம்பத் தளத்திலிருந்து வெகு தொலைவில் இருப்பதால் அந்தக் குழி பார்வையில் தெரியவும் தெரியாது. வெளிமுகங்களுக்கு 60-40 போதும். ஒட்டுமுகங்களில் பெரும்பாலான மெல்லிய கீறல்கள் பசையிலேயே மறைந்துவிடும். உங்கள் கருவியில் 20-10 தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: குறுக்குக் கோடுகள் பொறித்த கண்ணாடித் தகடு. அது பிம்பத் தளத்திலேயே உட்காருகிறது. கண்ணருகு லென்ஸ் அதன்மேல் இருக்கும் ஒவ்வொரு தூசியையும் பெரிதாக்கிக் காட்டும். அதற்கு என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று ஒருமுறை பாருங்கள்.

ஆப்புப் பிழை

30 மி.மீ. விட்டத்தில் 30 ஆர்க் செகண்ட் ஆப்பு என்றால், விளிம்பின் ஒரு பக்கத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் தடிமன் வித்தியாசம் சுமார் 4 மைக்ரான். தலைமுடியின் தடிமனில் ஒரு சிறு பங்கு. இதைச் செய்ய முடியும். ஆனால் செய்ய வேண்டுமா?

ஆப்பு பிம்பத்தை ஒரு பக்கம் தள்ளும். அந்தத் தள்ளலைக் குறுக்குக் கோட்டின் திருகுகள் ஏற்றுக்கொள்ளும். தள்ளும்போது நிறங்களையும் பிரிக்கும். அதைத் திருகு ஏற்காது. கிரவுன் லென்ஸில் 2 ஆர்க் மினிட் ஆப்பு நிறங்களைப் பிரிப்பது சுமார் 1 ஆர்க் செகண்ட். பிளின்ட் லென்ஸில் 1 ஆர்க் மினிட்டே 1.25 ஆர்க் செகண்ட் பிரித்துவிடும். 28 மி.மீ. திறப்பின் விளிம்பு விளைவு எல்லை, அதாவது அந்தத் திறப்பால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய கோணம், 4.9 ஆர்க் செகண்ட். ஆகவே கிரவுனுக்கு 2, பிளின்ட்டுக்கு 1 என்று கொடுக்கலாம். ஒட்டும்போது இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சுழற்றி, ஆப்புகளை எதிரெதிராக நிறுத்திப் புற ஊதா விளக்கில் பசையை இறுக்கினால் நிறப்பிரிவு பெரும்பாலும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். சாய்வினால் கோமா (ஒளிப்புள்ளி வால்போல் நீளும் பிழை) எவ்வளவு வருகிறது என்பதை மட்டும் உங்கள் மென்பொருளில் அந்தச் சாய்வைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். நிராகரித்த 9 லென்ஸ்களுக்கும் அளந்த எண்ணை நீங்கள் குறிக்கவில்லை. புதிய எல்லையையும் தாண்டுபவை இருந்தால் அவை போகத்தான் வேண்டும்.

எழுதாமல் விட்ட ஒரு வரி

இவ்வளவு இறுக்கிய வரைபடத்தில் கண்ணாடியைப் பற்றி, அதன் பெயரைத் தவிர, ஒரு வரியும் இல்லை. ஒரே பெயருள்ள கண்ணாடியும் உலைக்கு உலை கொஞ்சம் மாறும். ஒளிவிலகல் எண்ணில் ±0.0005 வேறுபாடு என்பது சாதாரண வணிகத் தரத்தில் அனுமதிக்கப்படுவது. கிரவுன் கண்ணாடியில் அந்த 0.0005 மாறினால் உங்கள் குவியத் தூரம் ஏறத்தாழ 0.3 மி.மீ. மாறும். தடிமன் 0.1 மி.மீ. மாறியதால் வந்ததைப்போல் முப்பது மடங்கு!

உங்கள் கருவியில் ஸ்டேடியா கோடுகளை (குறுக்குக் கோட்டுக்கு மேலும் கீழும் உள்ள இரு சிறு கோடுகள்) வைத்துத் தூரம் கணக்கிடுகிறார்கள்; அவற்றுக்கிடையே அளவுகோலில் தெரியும் நீளத்தைப் பெருக்கும் மாறிலி 100. குவியத் தூரம் 0.2% மாறினால் 50 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 10 செ.மீ. தவறும். கருவியை வாங்கும் நில அளவையாளருக்கு வலிக்கப்போகும் இடம் இதுதான். கண்ணாடி வாங்கும்போது அந்த உலைவார்ப்பின் அளவீட்டுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அதில் உள்ள உண்மையான விலகல் எண்களை மென்பொருளில் இட்டு, வளைவையோ இடைவெளியையோ சற்று மாற்றிக்கொள்ளுங்கள். பெரியப்பாவின் கைக்கு ஒரு சிரமமும் இல்லாமல் கிடைக்கும் துல்லியம் இது.

அளக்கும் கையையும் அளக்க வேண்டும்

வளைவு ஆரத்துக்கு ±0.1% என்றும், டெஸ்ட் பிளேட்டில் ஒரு வளையம் என்றும் இரண்டையும் எழுதியிருக்கிறீர்கள். முன்முகத்தின் ஆரம் 91 மி.மீ. அதில் 0.1% மாறினால் சோடியம் விளக்கில் சுமார் மூன்றரை வளையம் தெரியும். ஒரு வரி மூன்றரை வளையத்தை அனுமதிக்கிறது. அடுத்த வரி ஒன்றைத் தாண்டக் கூடாது என்கிறது. சண்டை வந்தால் இரு தரப்பும் ஆளுக்கொரு வரியைப் பிடித்துக்கொள்வார்கள். டெஸ்ட் பிளேட்டின் ஆரத்துக்கு ஒரு டாலரன்ஸ், லென்ஸ் அந்தப் பிளேட்டோடு எத்தனை வளையத்துக்குள் பொருந்த வேண்டும் என்பதற்கு இன்னொன்று எனத் தனித்தனியாக எழுதுங்கள். ஐஎஸ்ஓ 10110 தரத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் குறியீடுகள் இருக்கின்றன: வடிவத்துக்கு 3, மையப்படுத்தலுக்கு 4, பரப்புக் குறைகளுக்கு 5. அந்த முறையில் எழுதினால் இப்படிப்பட்ட முரண் எழுதும்போதே கண்ணில் படும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் ஒரு லென்ஸை நிராகரித்தேன். டெஸ்ட் பிளேட்டின் மேல் வைத்ததும் வளையங்கள் முட்டை வடிவில் இழுத்துக்கொண்டு நின்றன. பக்கத்தில் இருந்த மூத்த தொழிலாளி ஒன்றும் சொல்லவில்லை. பிளேட்டையும் லென்ஸையும் அப்படியே ஒரு எவர்சில்வர் தூக்கின் மூடியால் கவிழ்த்து மூடிவிட்டு, டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அரை மணி கழித்து மூடியை எடுத்தபோது முட்டை இல்லை. சீரான வட்டங்கள் ஒன்றையொன்று சுற்றி அமைதியாக இருந்தன. என் விரல் சூடுதான் அதுவரை கண்ணாடியை வீங்க வைத்திருந்தது. உங்கள் ஊர் வெயிலில் ஆட்டோவில் கொண்டுவந்த லென்ஸை இறக்கிய கையோடு அளந்தால் இதைவிட மோசமாகத் தெரியும். சோதனை அறையில் ஓர் இரவு வைத்திருந்து அளந்தீர்களா?

வெளி ஆய்வகத்தின் இன்டர்ஃபெரோமீட்டர் (ஒளியலைகளைக் கொண்டு பரப்பின் வடிவத்தை அளக்கும் கருவி) சொன்னால் அது இறுதித் தீர்ப்பு என்றும் எண்ணிவிடாதீர்கள். 1990-இல் விண்ணில் ஏற்றிய ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி மிக நேர்த்தியாகத் தேய்க்கப்பட்டது. ஆனால் அதைச் சோதித்த கருவிக்குள் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தவறி இருந்தது. ஆடியின் விளிம்பு சுமார் 2.2 மைக்ரான் தட்டையாகிப் போயிற்று. சாதாரணமான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியும், உயர்ந்த கருவி சொன்னதையே நம்பிவிட்டார்கள். தேறாத அந்த 5 லென்ஸ்களையும் பெரியப்பாவின் டெஸ்ட் பிளேட்டில் வைத்து, அவரும் நீங்களும் சேர்ந்து ஒருமுறை பாருங்கள். இரண்டு முறையிலும் ஒரே இடத்தில் வளையம் கோணினால் லென்ஸ் கோணல்தான்.

பட்டறைக்குச் சொந்தமாக இன்டர்ஃபெரோமீட்டர் வாங்கச் சொல்லலாமா என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் அதிரும்வரை அந்தச் சந்தில் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். அதிர்வு தாங்கும் மேசைக்கு இன்னொரு கடன் வாங்க வேண்டிவரும். டெஸ்ட் பிளேட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. கீறல்தான் அவருக்குத் தொடரும் பிரச்சினை என்றால், பாலிஷ் நடக்கும் அறையைத் தேய்ப்பு அறையிலிருந்து பிரிப்பதும், சாலைப் பக்கத்து ஜன்னலை மூடுவதும், பாலிஷுக்குப் பயன்படும் சீரியம் ஆக்சைடு கரைசலை வடிகட்டுவதும் முதல் செலவாக இருக்கட்டும். கடலுக்கு இவ்வளவு அருகில், முடிந்த லென்ஸ்களை ஈரம் துடைக்காமல் இரவு முழுக்க வைப்பதும் கூடாது. கண்ணாடியில் கறை ஏறும்.

கடிதம், பணம், சட்டம்

நான் வழக்கறிஞர் இல்லை. இருந்தாலும் உங்கள் முதலாளி தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டப்படி, சரக்கு வந்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகக் கருதி, பணம் தர வேண்டிய நாள் கணக்கிடப்படும். பெரியப்பாவின் பட்டறை மத்திய அரசின் உத்யம் பதிவு பெற்ற குறு நிறுவனமாக இருந்தால், ஒப்பந்தத்தில் எத்தனை நாள் எழுதியிருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி. அவர் வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். தரம் குறைந்தது என்று உங்கள் நிறுவனம் எதிர்வாதம் செய்யலாம். ஆனால் 40 நாள் மௌனமாக இருந்ததற்கும், தன்னோடு தானே முரண்படும் வரைபடத்துக்கும் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கும். கடிதம் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். இதை மிரட்டலாகச் சொல்லாமல் நிறுவனத்தின் நலனுக்கான தகவலாகச் சொல்லுங்கள்.

உங்கள்முன் மூன்று வழிகள் இருக்கின்றன. 97-ஐயும் திருப்பி அனுப்புவது முதல் வழி. நல்ல லென்ஸ்களை இழப்பீர்கள், பட்டறையையும் இழப்பீர்கள். அடுத்த பட்டறையும் அதே வரைபடத்தில் அதே இடத்தில்தான் தடுக்கி விழும். யாருக்கும் சொல்லாமல் 97-ஐயும் ஏற்றுக்கொள்வது இரண்டாவது. இதில் எனக்குப் பயம் அதிகம். வரைபடத்தில் ஒன்று, கருவிக்குள் வேறொன்று என்றால், நாளை ஒரு கருவி பழுதாகி வரும்போது கையெழுத்துப் போட்டவர் நீங்கள். தேறாத சில லென்ஸ்களும் அந்தக் கூட்டத்தோடு உள்ளே போய்விடும்.

மூன்றாவது வழியைத்தான் சொல்வேன். நிராகரித்தவற்றில் மிக மோசமாகத் தெரியும் பத்து ஜோடியை எடுத்து ஒட்டுங்கள். கொலிமேட்டரில் (இணைகதிர் ஒளி தரும் சோதனைக் கருவி) வைத்து, செயற்கை விண்மீன் புள்ளியையும் தெளிவுப் பலகையையும் பாருங்கள். குவியத் தூரத்தையும் அளந்து குறியுங்கள். தேறிய 143-இலிருந்து பத்து ஜோடியையும் அதேபோல் ஒட்டி, எது எந்தக் கூட்டம் என்று தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வித்தியாசம் தெரியவில்லை என்றால், அந்த முடிவோடு இந்தத் தொகுதிக்கு மட்டுமான எழுத்துப்பூர்வ விலக்கு ஒன்றைத் தயார்செய்து, முதலாளியின் கையெழுத்தையும் வாங்குங்கள். பிறகு திருத்திய வரைபடம். தெரிந்தால், எந்தக் காரணத்தால் தெரிகிறது என்று பார்த்து அந்த வகையை மட்டும் திருப்புங்கள். அப்போது நீங்கள் போடும் கையெழுத்தை யார் முன்னாலும் நின்று காக்கலாம், பெரியப்பாவின் முன்னாலும்.

திருத்திய வரைபடத்தை அச்சுக்கு அனுப்பும் முன் ஒரு மாலை தண்டையார்பேட்டைக்குப் போங்கள். தயாரிப்பவரைக் கேட்டு எண் எழுதுவது பலவீனம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி வருகிறது. அதை மட்டும் நான் ஏற்கவே மாட்டேன். அவரிடம் என்னென்ன ஆரங்களில் டெஸ்ட் பிளேட் இருக்கிறது என்று பட்டியல் வாங்குங்கள். புதிய வளைவுக்குப் புதிய பிளேட் செய்ய நாளும் பணமும் ஆகும். உங்கள் 91-க்குப் பக்கத்தில் அவரிடம் ஒரு பிளேட் இருந்தால், அந்த ஆரத்துக்கு வடிவமைப்பை மாற்றி, மற்ற வளைவுகளை மென்பொருளில் மறுபடி சரிசெய்துகொள்ளலாம். உலகெங்கும் லென்ஸ் வடிவமைப்பாளர்கள் செய்வது இது. எந்த எண் அவருக்குச் சுலபம், எது தூக்கத்தைக் கெடுக்கிறது என்று கேளுங்கள். சுலபமானதை இறுக்குங்கள், கஷ்டமானதில் கணக்கு அனுமதிக்கும்வரை இடம் கொடுங்கள். வரைபடத்தில் நடந்த தவறை அவரிடம் நேரில் சொல்லிவிடுவதும் நல்லது. நாற்பது நாளாக அவர் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஆய்வகத்தில் தேறாத அந்த 5 மாதிரிகளில் அளக்கப்பட்டது எந்த முகம் என்று அறிக்கையில் இருக்கும். வெளிமுகமா ஒட்டுமுகமா, அளவு எவ்வளவு என்று பார்த்து, ஆப்புப் பிழையுள்ள 9-இன் எண்களோடு சேர்த்து எழுதுங்கள். எவை கட்டாயம் போக வேண்டியவை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.